எறும்பு எதிரே வருபவனை நிறுத்துவது ஏன்

"பெயர் தெரிந்தவனைச் சாவுக்கு அனுப்புவது கஷ்டம். அதனால்தான்..."

எறும்புப் படையின் மூத்த தலைவர் தம்முடைய கடைசிக் கூட்டத்தில் இவ்வளவு சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதற்கு மேல் சொன்னதுதான் யார் காதிலும் சரியாக விழவில்லை. அன்றைக்கு மேற்கேயிருந்து மணலை வாரிக்கொண்டு காற்று வீசியது. முன்வரிசையில் நின்றவர்களிலேயே ஒருவர், "அதனால்தான் பெயரைக் கேட்காதீர்கள் என்றார்" என்பார். இன்னொருவர், "இல்லை, அதனால்தான் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்றார்" என்பார். பிறகு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். மூன்றாம் நாள் தலைவர் இறந்துபோனார். இரண்டில் எது சுலபமோ அது படையின் வழக்கமாகிவிட்டது.

எறும்புக்கும் வாய்விட்டுப் பேசக் குரல் இருந்த காலத்தில் நடந்தது இது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. திட்டின் நடுவே, ராவணன் மீசைப் புல்லும் அடம்புக்கொடியும் மண்டிய மேட்டில் கட்டெறும்புகளின் புற்று. ஓரத்து ஈரமணலில் நண்டுகளின் வளைகள். வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும் ஆலாப் பறவைகளுக்குத் திட்டின் தென்கோடி. மண்ணுக்கு எறும்புப் படை, நீருக்கு நண்டுப் படை, வானத்துக்கு ஆலாப் படை என்று மூன்று படைகள் அந்தத் திட்டைக் காத்துவந்தன.

மூன்றும் ஒரே திட்டில் இருந்தாலும் கடைநிலை வீரனைக் கூப்பிடுகிற முறை ஒவ்வொன்றிலும் வேறு.

எறும்புப் படையில் நூறு பேருக்குத் தலைவனான நூற்றுவனுக்கும் அவனுக்கு மேலே இருப்பவர்களுக்கும்தான் பெயர். மற்றவர்கள் எல்லாம் 'கால்'. "ஏ கால், இங்கே வா." "பத்துக் கால் அந்தப் பக்கம் போகட்டும்." சண்டையில் செத்தால், "மூன்று கால் போயிற்று." புற்றுக்குள்ளே ஒவ்வொருவனுக்கும் தாய் வைத்த பெயர் உண்டு, தோழர்கள் தங்களுக்குள் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், நூற்றுவன் காதுக்கு அது எட்டாது. ஆனால் புற்று வாசலைத் தாண்டும்போது பெயரை உள்ளேயே கழற்றி வைத்துவிட வேண்டும். இன்னொரு சட்டமும் அங்கே இருந்தது. உத்தரவு போட்டவன்தான் அதை ரத்து செய்யலாம். அவன் செய்யாதவரை அது நிற்கும்.

நண்டுப் படையில் பெயர் என்றால் வேலைதான். வளை தோண்டுகிறவன் 'தோண்டி'. வாசலை மண்ணால் அடைக்கிறவன் 'அடைப்பு'. கண்ணை உயர்த்திக் காவல் பார்க்கிறவன் 'நோட்டம்'. ஆலாக்களிடமோ நேர் மாறு. முட்டையிலிருந்து வெளியே வந்த ஈரம் காய்வதற்குள் குஞ்சுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். சாகும்வரை அதுதான் பெயர். தளபதியானாலும் அதே பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கத்துவார்கள்.

இந்த மூன்று வழக்கத்தையும் நன்றாக அறிந்தவன் திட்டில் ஒருவன்தான் இருந்தான். எறும்புப் படையின் நூற்றுவன், மாறையன்.

இளவயதில் ஒரு வெள்ளத்தில் பனைமட்டையைப் பிடித்தபடி மாறையன் கடலுக்குள் போய்விட்டான். மட்டை ஆலாக்களின் பாறையில் ஒதுங்கியது. இரண்டு மழைக்காலம் அவன் அங்கேயே கிடந்து அவர்களுடைய பேச்சைக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு அதிகாலையிலும் அந்தப் பாறையில் ஆயிரம் பெயர்கள் ஒன்றாக எழும். முதலில் அவனுக்குத் தலை வலித்தது. பிறகு அது இல்லாமல் விழிப்பு வராது என்றாயிற்று. மீன் பிடிக்க வந்த ஆலாக்கள் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, சொந்தத் திட்டில் மறுபடி 'கால்' ஆனான். பிறகு ஆலாப்பேச்சு தெரிந்தவன் என்பதாலேயே நூற்றுவனானான். மற்ற நூற்றுவர்களைவிடக் கண்டிப்பானவன் என்று பெயரெடுத்தான். வெளியே இருந்துவிட்டு வந்தவன் இளகிப்போய்விட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவன் எண்ணம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆற்றுக்கு அப்பால் வயல்காட்டில் இருந்த பெருச்சாளிகளுக்குத் தீனி இல்லாமல் போயிற்று. வெயில் நேரத்திலேயே அவை வளையை விட்டு வெளியே வர ஆரம்பித்தன. கடல் வற்றும் நேரத்தில் கரையையும் திட்டையும் இணைத்து ஒரு மணல் கழுத்து வெளியே தெரியும். அந்த வழியாக இரண்டு மூன்றாக வந்தன. ஆலா முட்டையைத் தின்றன. நண்டை ஓட்டோடு கடித்தன. ஒரு பக்கப் புற்றைக் கிளறி எறும்பு முட்டைகளை நக்கிவிட்டுப் போயின.

அவற்றுக்குத் துணையாக ஓர் இரட்டைவால் கரிச்சான் குருவி இருந்தது. பெருச்சாளி கிளறிய மண்ணிலிருந்து பறக்கிற பூச்சிகள் அதற்குக் கூலி. எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். போன அமாவாசையன்று ஆலாவின் குரலில், "பருந்து வருது, எந்திரிங்க" என்று கத்தியது. ஆலாக்கள் மொத்தமாக எழுந்தன. கீழே காத்திருந்த பெருச்சாளிகள் அறுபது முட்டைகளைத் தின்றுவிட்டன.

அதற்குப் பிறகுதான் மூன்று படைத்தலைவர்களும் கூடிப் பேசினார்கள். நண்டுப் படைக்குக் குழியப்பர். வயதானவர், ஒரு கொடுக்கு மற்றதைவிட மூன்று மடங்கு பெரிது. ஆலாப் படைக்கு வெள்ளாயி. அவளுடைய இரண்டு முட்டைகளும் அந்த அறுபதில் அடக்கம். எறும்புப் படைக்கு, பேச்சு தெரிந்தவன் என்று மாறையனை அனுப்பியிருந்தார்கள்.

"ஓய் மாறையா, உங்க ஆளுகளை என்னன்னு கூப்பிடுவீரு?" என்று குழியப்பர்தான் ஆரம்பித்தார்.

"கால்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான்."

"ஒருத்தனைக் கூப்பிட்டா நூறு பேரும் திரும்பிப் பார்ப்பானே வேய்."

"பார்க்கட்டும். யாரு பக்கத்துல நிக்கானோ அவன் வருவான்."

வெள்ளாயி இறகை உதறிக்கொண்டு சிரித்தாள். "எங்க பாறையில ஒதுங்குன அன்னைக்கு உம்ம பேரு என்னன்னு எங்கம்மா கேட்டாளே, ஞாபகம் இருக்கா அண்ணே? கால்னு சொன்னீங்க. இடதா வலதான்னு கேட்டா."

"உங்க ஆளுக மட்டும் என்ன?" என்றார் குழியப்பர். "விடிஞ்சா போதும், பேரைச் சொல்லிப் பேரைச் சொல்லிக் கத்தி எங்க காதைக் கிழிச்சிருதீக."

"வானத்துல வரிசை கிடையாது குழியப்பரே. முன்னால யாரு, பின்னால யாருன்னு மண்ணுல கோடு போட்டு வைக்க முடியுமா? பேரை விட்டா எங்களுக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. உங்க ஆளுக்கு வேலை போனா பேரும் போயிருமாமே?"

"வேற வேலை குடுப்போம், வேற பேரு வந்துரும். நேத்து வரைக்கும் தோண்டி, இன்னைக்கு அடைப்பு. அவனுக்கும் ஒரு மாறுதல்தான."

சிரிப்பு அதோடு நின்றது. பிறகு சண்டைக்கான ஏற்பாட்டைப் பேசினார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் கடல் வற்றும். பெருச்சாளிகள் மொத்தமாக வரப்போகின்றன என்று ஆலாக்கள் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மணல் கழுத்துக்கு அடியில் நண்டுகள் முழுக்க வளை தோண்டி, வாய்களை மண்ணால் அடைத்து வைக்கும். ஏற்றம் தொடங்கித் தண்ணீர் கறுப்புப் பாறையைத் தொட்டதும் அடைப்பை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்து கழுத்தை அறுத்துவிடும். அந்த இடத்து இழுப்பில் பெருச்சாளியால் நீந்த முடியாது. அதுவரைக்கும் அவற்றை அக்கரையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். அக்கரையில் கழுத்து தொடங்கும் இடத்தில் முள் அடர்ந்த ஓர் உடைமரத்தின் வேர்கள் குறுக்கே கிடக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் பெருச்சாளி நுழைந்தாக வேண்டும். வேரில் எறும்புகள் நின்று, நுழைகிறதன் மூக்கில் கடித்தால் அது பின்வாங்கும். பின்னால் வருவதும் நிற்கும். தண்ணீர் பாறையைத் தொட்டதும் ஆலாக்கள் மேலிருந்து கூப்பிட, எறும்புகள் ஓடி வந்துவிட வேண்டும். அவர்கள் வந்ததும் நண்டுகள் கழுத்தை அறுக்கும்.

"கரிச்சானும் கூப்பிடுமே, அதுக்கு என்ன செய்ய?" என்றார் குழியப்பர். "எங்க ஆளுக்குப் பிரச்சினை இல்ல. நாங்க வாயை மூடி ஒரு வாரம் ஆச்சு. கொடுக்கைத் தூக்குனாத்தான் உத்தரவு. உங்க கதை என்ன?"

வெள்ளாயி சொன்னாள்: "அன்னைக்குப் பருந்துன்னு கத்துன குரல் ஒரு பேரையும் சொல்லலை. எங்க குரல் அதுக்குத் தெரியும். விடியக்காலத்துல அது இந்தப் பக்கம் வர்றதில்ல, எங்க பேரு இன்னும் தெரியாது. அதனால ஒரு சட்டம் வச்சுக்குவோம். மேலேருந்து வர்ற குரல் உன் பேரைச் சொன்னா நம்பு. பேரு சொல்லாத குரலுக்கு யாரும் அசையக் கூடாது. மூணு படைக்கும் இதுதான். சரியா அண்ணே?"

"சரி" என்றான் மாறையன்.

அந்தப் பாறையில் இருந்த இரண்டு வருஷமும் ஆலாக்களுக்கு எல்லோருடைய பெயரும் தெரிந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். மீனுக்குக்கூட அவர்களிடம் பெயர் இருந்தது. அவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தான். 'கால்' என்று கூப்பிட்டாலும் வீரர்களின் பெயரை நூற்றுவன் எப்படியும் தந்துவிடுவான் என்று வெள்ளாயி நினைத்தாள். தலைவனுக்கு ஆளின் பெயர் தெரியாமல் இருக்கும் என்பது ஓர் ஆலாவுக்குத் தோன்றக்கூடிய விஷயமே இல்லை.

மறுநாள் காலையில் மாறையன் தன் நூறு பேரில் எண்பத்தெட்டைப் புற்றைக் காக்க அனுப்பினான். பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கழுத்தைக் கடந்து அக்கரைக்குப் போனான். வேரில் ஒவ்வொரு இடமாகக் காட்டினான்.

"ஒரு கால் இங்க. ரெண்டு கால் இந்தக் கணுவுல. நீ மேல ஏறு."

மேலே ஏறச் சொன்னவனுக்கு இடது மீசை பாதியில் ஒடிந்திருந்தது. எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பான். மாறையனின் நூற்றில் அவன் மூன்று சண்டைகளைப் பார்த்தவன்.

"ஐயா, மூக்குல மட்டும்தான் கடிக்கணுமா?" என்று அவன் கேட்டான். "வாலும் பெருசாத்தான் தொங்குது."

மற்றவர்கள் சிரித்தார்கள். மாறையன் சிரிக்கவில்லை.

"மூக்குல மட்டும். கேட்டுக்குங்க. மேலேருந்து வர்ற குரல் உங்க பேரைச் சொன்னா உடனே இறங்கி ஓடி வந்துரணும். பேரு சொல்லலைன்னா யாரு கூப்பிட்டாலும், என் குரலே கேட்டாலும், இடத்தை விட்டு அசையக் கூடாது."

"சரி ஐயா." பன்னிரண்டு குரலும் ஒன்றாக வந்தது.

மீசை ஒடிந்தவன் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தான். "ஐயா, பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கன்னா, என் பேரு..."

"நான் கேட்டேனா?"

"இல்ல ஐயா."

"பேரை வாசல்ல விட்டுட்டு வரணும்னு உனக்குத் தெரியாதா? அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. மேல ஏறு."

அவன் ஏறினான். மாறையன் கழுத்தைக் கடந்து திட்டுக்குத் திரும்பி வரும்வரை பின்னால் அந்த முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

உச்சிவெயில் ஏறியது. கடல் வற்றி, கழுத்து வெள்ளையாக எழுந்து நின்றது. அக்கரைப் புதரிலிருந்து பெருச்சாளிகள் வந்தன. முப்பதுக்குக் குறையாது. முதலாவது வேரின் இடுக்கில் தலையை நுழைத்ததும் கிறீச்சிட்டுக்கொண்டு பின்னால் உருண்டது. அடுத்தது வந்தது, அதுவும் உருண்டது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவை அந்த இடுக்கின் முன்னால் குவிந்தன. எறும்புகள் இருந்த இடத்திலிருந்து இம்மியும் நகரவில்லை. கரிச்சான் உடைமரத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. முதலில் ஆலாவின் குரலில், "எறும்புகளா, திரும்பி வாங்க" என்றது. பிறகு மாறையனின் குரலிலேயே, "ஏ கால், எல்லாரும் வாங்க" என்றது. பன்னிரண்டு பேரும் அசையவில்லை. அந்த நிமிஷம் மாறையனுக்குப் பெருமையாக இருந்தது.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. வெள்ளாயி மேலிருந்து கறுப்புப் பாறையைப் பார்த்தாள். பிறகு சரேலென்று இறங்கி மாறையன் பக்கத்தில் நின்றாள்.

"பாறையைத் தொட்டிருச்சு அண்ணே. பேரைச் சொல்லுங்க, கூப்பிட்டுருதேன்."

மாறையன் அவளைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஆளுதான."

வெள்ளாயி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவனுக்கே தெரியாது என்பது அவளுக்கு விளங்கச் சற்று நேரமானது.

"ஒருத்தன் பேராவது?"

"மேல நிக்கவன்... இடது மீசை ஒடிஞ்சவன். பாடிக்கிட்டே இருப்பான். அதைச் சொல்லிக் கூப்பிடு."

வெள்ளாயி பறந்து போய் வேருக்கு மேலே வட்டமிட்டாள். "மீசை ஒடிஞ்சவரே, பாட்டுக்காரரே, மாறையண்ணன் கூப்பிடுதாரு, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று கத்தினாள். மேலே நின்றவன் அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னான். அவள் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னாள்.

"'கண்ணு இருக்கவன் எவனும் என் மீசையைப் பார்ப்பான். காது இருக்கவன் எவனும் பாட்டைக் கேப்பான். பேரைச் சொல்லு, வாறேன்'னு சொல்லுதாரு. நீங்க போட்ட உத்தரவாம்."

உத்தரவு போட்டவன்தான் ரத்து செய்யலாம். போட்டவனின் குரல் அங்கே ஏற்கெனவே கரிச்சானின் வாயில் இருந்தது. மாறையன் கழுத்தின் மேல் நாலடி ஓடினான். ஒரு வீச்சுத் தண்ணீர் வந்து அவனைத் திட்டின் பக்கமே தள்ளிப் போட்டது.

"புற்றுல மத்தவங்களுக்குத் தெரியும்ல?" என்றாள் வெள்ளாயி. பதிலுக்குக் காத்திராமல் திட்டின் மேட்டை நோக்கிப் பறந்தாள்.

புற்று வாசலுக்குப் போய், பன்னிரண்டு பெயரைக் கேட்டு, மனதில் இருத்திக்கொண்டு திரும்பி வருகிற நேரம்தான் தேவைப்பட்டது. ஆலாவுக்கு அது பெரிய தூரமில்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் அக்கரையில் ஒரு கிழட்டுப் பெருச்சாளி வேரை விட்டுவிட்டு மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. வேருக்கு அடியில் வழி திறந்துகொண்டது. ஒன்று, இரண்டு, நான்கு என்று கழுத்தின் மேல் ஏறி ஓடி வந்தன.

குழியப்பர் பக்கவாட்டில் ஓடி வந்தார். தண்ணீருக்குள் தோண்டிகளும் அடைப்புகளும் வரிசையாக நின்று அவருடைய கொடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓய், அறுக்கட்டுமா?"

"வெள்ளாயி வரட்டும்."

"பாதிக் கழுத்து தாண்டிருச்சு வேய். இங்கிட்டு ஏறிட்டா பெறகு முட்டையும் இல்ல, புத்தும் இல்ல. உம்ம ஆளு அங்க நிக்கான், எனக்குத் தெரியுது. நீரு சொல்லாம நான் தூக்க மாட்டேன். சொல்லும்."

மாறையன் வானத்தைப் பார்த்தான். வெள்ளாயியைக் காணோம். கழுத்தைப் பார்த்தான்.

"தூக்கும்" என்றான்.

குழியப்பர் பெரிய கொடுக்கைத் தூக்கினார். தண்ணீருக்குள் அத்தனை கொடுக்கும் ஒன்றாக உயர்ந்தன. கழுத்து நடுவில் குழிந்தது, பிறகு இல்லாமல் போயிற்று. ஓடி வந்த பெருச்சாளிகள் பக்கவாட்டில் சாய்ந்து, சுழன்று, கடலின் பக்கமாக இழுபட்டுப் போயின. பின்னால் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவை அக்கரையிலேயே திகைத்து நின்றன.

அப்போதுதான் வெள்ளாயி வந்தாள். வரும்போதே வாய்க்குள் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்ததும் சிறகடிப்பு ஒரு கணம் நின்றது.

"எனக்குச் சொல்லு" என்றான் மாறையன்.

"பூவன். மேல நிக்கவரு அவருதான். காத்தான், ஒச்சு, சாத்தன், சடையன், நல்லான், கூத்தன், இன்னொரு சாத்தன், மின்னி, வேம்பன், தும்பை, ஆண்டி." அவள் நிறுத்தினாள். "இப்போ கூப்பிடவா அண்ணே? கூப்பிட்டாத் திரும்பிப் பார்ப்பாங்க."

திரும்பிப் பார்த்தால் கழுத்து இருக்காது. கூப்பிடாவிட்டால் வேரைப் பார்த்தபடியே நிற்பார்கள். மாறையன் வெகுநேரம் யோசித்தது போல் அவனுக்குத் தோன்றியது. உண்மையில் ஓர் அலை வந்து திரும்பும் நேரம்தான்.

"கூப்பிடு" என்றான்.

வெள்ளாயி கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயராக, நிறுத்தி, தன் குஞ்சைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். பெயர் விழுந்த வரிசையில் அவர்கள் வேரிலிருந்து இறங்கினார்கள். ஓடி வந்து தண்ணீரின் விளிம்பில் நின்றார்கள். பூவன்தான் முதலில் வந்தான். பெருச்சாளிகளும் அந்தப் பக்கம் திரும்பின.

அவர்களை அலகில் தூக்கிவர ஆலாக்கள் இறங்கிப் பார்த்தார்கள். வெள்ளாயி இரண்டு முறை அலகை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள், இரண்டு முறையும் பெருச்சாளிகள் எம்பியதால் விலக நேர்ந்தது. மூன்றாவதாகச் சிலம்பி என்ற இளம் ஆலா பாய்ந்தாள். அவள் மேலே எழவில்லை. அதற்குப் பிறகு வெள்ளாயி யாரையும் இறங்க விடவில்லை.

கரையில் பன்னிரண்டு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு பந்துபோலத் திரண்டார்கள். தண்ணீர் அந்தக் கறுப்புப் பந்தைத் தூக்கியது. கொஞ்ச தூரம் மிதந்தது. இழுப்பு தொடங்கும் இடத்தில் பிரிந்தது.

வெள்ளாயி வந்து மாறையனுக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். சிலம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அவளுடைய குரல் அதற்குள் கட்டிப்போயிருந்தது.

"பூவன் ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்றாள். "'கேட்டுச்சு'ன்னு ஐயாகிட்ட சொல்லுன்னாரு. அவ்வளவுதான்."

சண்டை முடிந்தால் நூற்றுவன் புற்றின் அடியறைக்குப் போய்த் தாயிடம் தகவல் சொல்ல வேண்டும். "முட்டைகளுக்கு ஆபத்தில்லை" என்று முதலில் சொல்வது முறை. பிறகு எத்தனை கால் போயிற்று என்று சொல்வான். தாய் தலையை அசைப்பாள். மேலே போவான்.

மாறையன் முதலாவதைச் சொன்னான். இரண்டாவதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பெயரையும் சொன்னான்.

தாய் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். இத்தனை காலத்தில் மேலிருந்து ஒரு பெயரும் அந்த அறைக்குத் திரும்பி வந்ததில்லை.

"ரெண்டு சாத்தனுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்."

"ஒரே நாள்ல பொறந்தவனுக. ஒரே பேரை வச்சிட்டேன்." பிறகு, "பூவன் மீசையோடதான் பொறந்தான். எப்போ ஒடிஞ்சது?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னான்.

"அம்மா, கடைசிக் கூட்டத்துல தலைவர் 'அதனால்தான்'னு சொல்லிட்டு அதுக்கு மேல என்ன சொன்னாரு? உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"நான் இந்த அறையை விட்டு ஏறுனதே இல்லையேப்பா. எனக்கு எப்படித் தெரியும்."

அவன் மேலே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. காற்று அடங்கியிருந்தது. வாசலில் எண்பத்தெட்டு பேரும் வேலை எதுவும் செய்யாமல் நின்றார்கள். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கரையில், உடைமரத்தின் உச்சியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. வாலை விரித்து மடக்கிக்கொண்டு, நிதானமாக, வெள்ளாயியின் குரலில் கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தது.

"பூவன். காத்தான். ஒச்சு. சாத்தன்."

கூட்டத்தில் ஒருவன், இளையவன், தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் போனான். பக்கத்தில் இருந்தவன் அவனைப் பிடித்து நிறுத்தினான்.

"சடையன். நல்லான்."

மாறையன் அந்த இளையவனிடம் போனான். "உன் பேரு என்ன?" என்று கேட்க வாயைத் திறந்தான். அக்கரையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். தன் மீசையை நீட்டி அவனுடைய மீசையைத் தொட்டு, அப்படியே நின்றான். அந்தப் பையன் முதலில் பயந்து பின்வாங்கினான். பிறகு விளங்கியது. ஒரு சத்தமும் இல்லாமல், மீசையால் மெல்லத் தட்டித் தட்டித் தன் பெயரைச் சொன்னான். மாறையன் தன் பெயரைச் சொன்னான். அடுத்தவனிடம் போனான். எண்பத்தெட்டு பேரையும் முடிக்கும்போது சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது.

பிறகு மேட்டின் மேல் ஏறி நின்றான். எறும்பு வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இனி எந்த எறும்பும், நூற்றுவனானாலும் காலானாலும், எதிரே வருகிறவனை நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, மீசையைத் தொட்டுப் பெயரைக் கேட்டுத் தன் பெயரையும் சொல்லாமல் கடந்து போகக் கூடாது. அதை வாயால் செய்யவும் கூடாது என்று அன்று மாலை மாறையன் உத்தரவு போட்டான். ரத்து செய்யாமலே அவன் இறந்துபோனான்.